மூன்று கொடிகளின் கீழ் ஒரே நீர்மூழ்கி: கப்பெல்லீனி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தக் கப்பல்?

இத்தாலியக் கடற்படையின் ‘கொமாண்டாண்டே கப்பெல்லீனி’. 1866-இல் லிஸ்ஸா கடற்போரில் தன் கப்பலோடு மடிந்த அல்ஃப்ரெதோ கப்பெல்லீனியின் பெயர் இதற்கு வைக்கப்பட்டது. 1943 செப்டம்பரில் ஜெர்மனியின் கைக்குப் போய் ‘யூஐடி-24’ ஆனது. 1945-இல் ஜப்பானின் கைக்குப் போய் ‘இ-503’ ஆனது. இரண்டாம் உலகப் போரில் அச்சு நாடுகள் மூன்றின் கொடிகளையும் ஏற்றிய கப்பல்கள் இரண்டே. ஒன்று இது, மற்றொன்று இதன் கூட்டாளியான ‘லூயிஜி தொரெல்லி’.

கட்டும்போது எப்படி இருந்தது?

மார்செல்லோ வகையைச் சேர்ந்தது. லா ஸ்பெட்சியாவில் கட்டி, 1939 மே மாதம் நீரில் இறக்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பணியில் சேர்ந்தது. நீளம் 73 மீட்டர். மேற்பரப்பில் சுமார் 1,060 டன், மூழ்கிய நிலையில் சுமார் 1,313 டன். 533 மி.மீ. டார்பிடோக் குழாய்கள் எட்டு, முன்னால் நான்கு, பின்னால் நான்கு. மேல்தளத்தில் 100 மி.மீ. பீரங்கிகள் இரண்டு. அவற்றோடு 13.2 மி.மீ. இயந்திரத் துப்பாக்கிகள் நான்கு. டீசலில் 17.4 நாட், நீருக்கடியில் மின்மோட்டாரில் 8 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). ஆட்கள் அறுபதுக்குச் சற்றுக் குறைவு.

இந்த அளவுகளை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதாகப் புரியும். அட்லாண்டிக்கில் நெடுந்தூரம் போகக் கட்டிய பெரிய படகு இது. கோபுரம் உயரம், மூழ்க நேரமாகும். 1940-இல் பெரிய குறையாகத் தெரியாத இவை, எதிரி விமானங்களில் ரேடார் வந்தபிறகு உயிருக்கே உலை வைத்தன.

இத்தாலியக் கொடியின் கீழ் சாதித்தது என்ன?

ஐந்து கப்பல்களை மூழ்கடித்தது. கூட்டினால் 31,000 டன்னுக்கு மேல். பிரான்ஸின் போர்தோ நகரிலிருந்த இத்தாலிய அட்லாண்டிக் தளம்தான் இதன் வீடு.

1940 அக்டோபரில் கப்பெல்லீனியின் தலைவர் சால்வதோரே தொதாரோ. மதெய்ரா தீவின் பக்கம் ‘கபாலோ’ என்ற பெல்ஜியக் கப்பலைப் பீரங்கியால் சுட்டு மூழ்கடித்தார். பிறகு அதில் இருந்த 26 பேரையும் கைவிடாமல், அவர்களுடைய உயிர்காப்புப் படகைக் கயிறு கட்டி இழுத்தார். படகு தாங்காது என்று தெரிந்ததும் அவர்களைத் தன் கப்பலிலேயே ஏற்றி, அஸோரஸின் சாந்தா மரியா தீவில் கரைசேர்த்தார். அந்த நாட்கள் முழுக்க நீர்மூழ்கி நீர்மட்டத்துக்கு மேலேயே ஓடியது. ஒரு விமானம் பார்த்திருந்தால் எல்லாரும் போயிருப்பார்கள். ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸுக்கு இது பிடிக்கவில்லை. தொதாரோ மாறவும் இல்லை. 1941 ஜனவரி 5 அன்று ‘ஷேக்ஸ்பியர்’ என்ற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தபோதும் பிழைத்த 22 பேரைக் கேப் வெர்டேயில் இறக்கிவிட்டார். இந்தக் கப்பலின் வரலாற்றில் மிக உயர்ந்த பக்கம் இதுதான் என்பது எங்கள் கருத்து.

ஒன்பது நாள் கழித்து ஃப்ரீடவுனுக்கு அப்பால் ‘யூமேயஸ்’ கப்பலோடு நடந்த பீரங்கிச் சண்டை கடுமையானது. அதில் தானும் அடிவாங்கி, பிறகு விமானத் தாக்குதலிலும் சிக்கி, கானரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் ஒதுங்கிப் பழுதுபார்க்க வேண்டி வந்தது. 1942 மே மாதம் ‘டிஸ்னாரன்’, ‘டின்ஸ்டேல்’ என்று இன்னும் இரண்டு.

லகோனியா மீட்புப் பணியில் இருந்ததும் இதேதானா?

ஆம். 1942 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியின் யூ-156 மூழ்கடித்த ‘லகோனியா’ என்ற பிரிட்டிஷ் கப்பலில் சுமார் 1,800 இத்தாலியப் போர்க்கைதிகள் இருந்தார்கள். மீட்கப் போன நீர்மூழ்கிகளில் கப்பெல்லீனியும் ஒன்று. அப்போது தலைவர் மார்கோ ரெவெதின். பிழைத்தவர்களைப் பிரெஞ்சுக் கப்பலிடம் ஒப்படைத்தது.

போர்க்கப்பலை ஏன் சரக்குக் கப்பலாக்கினார்கள்?

1943-இன் தொடக்கத்தில் ஜெர்மனிக்கு ரப்பரும் வெள்ளீயமும் டங்ஸ்டனும் கொய்னாவும் வேண்டும். ஜப்பானுக்குப் பாதரசமும் ஆயுத மாதிரிகளும் வரைபடங்களும் வேண்டும். மேற்பரப்பில் போகும் சரக்குக் கப்பல்களை நேச நாடுகள் வழியிலேயே பிடித்துவிடுகின்றன. போர்தோவில் இருந்த இத்தாலிய நீர்மூழ்கிகள் பெரியவை, வயிறு அகலம், ஆனால் அட்லாண்டிக் வேட்டைக்கு இனி உதவாதவை. டோனிட்ஸ் ஒரு பேரம் பேசினார்: இவற்றைச் சரக்குக்கு விடுங்கள், பதிலுக்குப் புதிய ஏழு-சி வகை ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தருகிறோம். அப்படி ஒன்பது படகுகள் இத்தாலியர்களுக்கு ஒதுக்கப்பட்டன. 1943 செப்டம்பரில் இத்தாலியின் சரண் செய்தி வந்ததும் ஜெர்மனி அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

மாற்றியமைப்பில் என்ன செய்தார்கள்? எங்கே சிக்கல் வந்தது?

மேல்தளப் பீரங்கிகளைக் கழற்றினார்கள். டார்பிடோக்கள் போயின. குண்டு வைக்கும் அறைகள் சரக்கு அறைகள் ஆயின. பேட்டரியிலும் கை வைத்தார்கள். தற்காப்புக்கு மிஞ்சியவை இயந்திரத் துப்பாக்கிகள் மட்டும். மூழ்குவதற்குக் கடல்நீர் நிரப்பும் பாலஸ்ட் தொட்டிகள் சிலவற்றில் எரிபொருள் நிரப்பினார்கள். ஏனென்றால் இந்த வகையின் இயல்பான ஓட்டம் 9.4 நாட் வேகத்தில் சுமார் 7,500 கடல் மைல். போர்தோவிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சிங்கப்பூர் போகச் சுமார் 12,000 கடல் மைல் வேண்டும்.

சரக்குக் கப்பலில் இடம் இருந்தால் ஏற்றலாம். நீர்மூழ்கியில் அப்படி முடியாது. மூழ்கிய நிலையில் அதன் மொத்த எடை, அது விலக்கும் நீரின் எடைக்குச் சமமாக இருந்தாக வேண்டும். ஒரு டன் கூடினால் இறங்கிக்கொண்டே போகும், குறைந்தால் மேலே வந்துவிடும். ஆகவே ஏற்றும் ஒவ்வொரு டன்னுக்கும் ஈடாக ஒரு டன்னைக் கழற்ற வேண்டும், அதுவும் கப்பலின் நீளவாட்டில் ஏறக்குறைய அதே இடத்தில். டார்பிடோ ஒன்று தோராயமாக 1.7 டன் என்று வைத்தால் பதினாறுக்கு 27 டன். பீரங்கி, குண்டு, பேட்டரி எடையைச் சேர்த்தாலும் 160 டன் சரக்குக்கு அது போதாது. மீதியை மிதப்புக்கான இருப்பிலிருந்து கடன் வாங்கினார்கள். அதனால் மேற்பரப்பில் கப்பல் தாழ்வாக மிதந்தது, அலை தளத்தின்மேல் ஏறியது, சிறு ஓட்டை விழுந்தாலும் தாங்காது என்ற நிலை வந்தது.

பாதரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரும்புக் குடுவையில் வரும். ஒரு குடுவையில் இரண்டரை லிட்டர்தான், ஆனால் 34.5 கிலோ. ஒரு கையால் பிடிக்கிற அளவுதான், ஆனால் ஒரு கையால் தூக்க முடியாது. அப்படி 30 குடுவைகளைக் கப்பலின் முன்பக்கம் தப்பான இடத்தில் அடுக்கினால் ஒரு டன்னுக்கு மேல் மூக்கில் தொங்குகிறது. அதனால் பாதரசம் கீழே, நடுவிலே போக வேண்டும். திரும்பும்போது ஏற்றும் ரப்பர் நேர்மாறு. அதன் அடர்த்தி கடல்நீரைவிடச் சற்றுக் குறைவு, இடத்தை அடைத்துக்கொள்ளும், எடை தராது. அதைச் சமன்செய்ய அடியில் உலோகம் வேண்டும்.

வழியில் எடை மாறாதா?

மாறும். டீசல் எரிந்து தீர்ந்த இடத்தில் கடல்நீர் ஏறும்படி தொட்டிகளை அமைப்பார்கள். 100 கன மீட்டர் எண்ணெய் சுமார் 85 டன். அதே இடத்தில் கடல்நீர் சுமார் 102.5 டன். ஆக 100 கன மீட்டர் எரித்தால் கப்பல் 17 டன்னுக்கு மேல் கனத்துவிடும். அதைச் சமன்தொட்டிகளிலிருந்து வெளியேற்ற வேண்டும். தினமும் எரிபொருள், உணவு, குடிநீர்க் கணக்குப் போட்டு, தொட்டிகளில் எவ்வளவு நீர் என்று பொறியாளர் எழுதி வைக்காவிட்டால், அவசரத்தில் மூழ்கும்போது கப்பல் கல்லாக இறங்கும்.

மலாக்கா நீரிணை வேறொரு பாடம். சுமத்ராவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் ஆற்றுநீர் கலப்பதால் அங்கே கடல்நீரின் அடர்த்தி குறைவு. அடர்த்தி அரை சதவீதம் குறைந்தாலே 1,313 டன் கப்பலுக்கு ஆறரை டன் கூடுதல் எடை ஏற்றிய மாதிரி. திறந்த கடலில் சரியாக இருந்த சமன் அங்கே சரியாக இராது. ஆழமும் போதாது, அதனால் தப்பி ஓடவும் இடமில்லை.

கிழக்குப் பயணம் எத்தனை நாள்?

1943 மே 11 அன்று வால்டெர் அவுக்கோனி தலைமையில் பிரான்ஸிலிருந்து புறப்பட்டது. பாதரசம், அலுமினியம், வெல்டிங் எஃகு, 20 மி.மீ. துப்பாக்கிகள், குண்டுகளின் மாதிரிகள், குண்டு குறிபார்க்கும் கருவிகள், டாங்கி வரைபடங்கள் உள்ளே. சுமத்ராவின் வடமுனைக்கு அருகிலுள்ள சபாங்கை ஜூலை இரண்டாம் வாரத்துக்குள் தொட்டு, ஜூலை 13 அன்று சிங்கப்பூர் சேர்ந்தது. 63 நாள். 12,000 கடல் மைலை 9 நாட் வேகத்தில் நிற்காமல் ஓடினாலே 55 நாளுக்கு மேல் ஆகும். எனவே சுற்றிப் போனதற்கும் மூழ்கிக் கிடந்ததற்கும் மிஞ்சிய நேரம் மிகக் குறைவு.

தமிழ் வாசகர்களுக்கு அந்த நாட்காட்டி பழக்கமானதுதான். சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மன் யூ-180-இலிருந்து ஜப்பானின் இ-29-க்கு நடுக்கடலில் மாறி, அதே சபாங்கில் 1943 மே மாதம் கரையேறினார். ஜூலை 2 அன்று சிங்கப்பூர் வந்தார். அவர் பேச்சைக் கேட்க மலேயாத் தமிழர்கள் திரண்டுகொண்டிருந்த அதே இரு வாரங்களுக்குள்தான் கப்பெல்லீனி அந்தத் துறைமுகத்துக்குள் நுழைந்தது.

கைப்பற்றியது யார்? சண்டை நடந்ததா?

சண்டை இல்லை. கைப்பற்றியது ஜப்பான், தன் கூட்டாளியின் கப்பலை. 1943 செப்டம்பர் 8 அன்று இத்தாலி நேச நாடுகளுடன் செய்த போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. கிழக்கில் இருந்த இத்தாலியக் கப்பல்களுக்கு ஒரே இரவில் நண்பர் பகைவரானார். கப்பெல்லீனி அப்போது சபாங்கில் இருந்தது. செப்டம்பர் 10 அன்று அது கைமாறியது. ஜப்பான் பிடித்து, ஜெர்மனியிடம் கொடுத்தது.

தப்பியவையும் உண்டு. இந்த நீர்மூழ்கிகளுக்குத் துணையாக நின்ற ‘எரித்ரேயா’ என்ற இத்தாலியக் காவற்கப்பல், செய்தி கேட்டபோது கடலில் இருந்தது. ஜப்பானியர் சுதாரிப்பதற்குள் மேற்கே திரும்பிக் கொழும்புக்கு ஓடிச் சரணடைந்தது. இந்தியப் பெருங்கடலில் இருந்த ‘கான்யி’ நீர்மூழ்கி டர்பனுக்குப் போயிற்று. துறைமுகத்தில் கட்டிக்கிடந்தவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

‘யூஐடி’ என்றால் என்ன?

‘யூ’ நீர்மூழ்கியைக் குறிக்கும், ‘ஐடி’ இத்தாலியை. 21 முதல் 25 வரை ஐந்து எண்கள். போர்தோவில் பிடிபட்ட ஃபின்ஸி 21, பான்யொலீனி 22. கிழக்கில் பிடிபட்ட ஜூலியானி 23, கப்பெல்லீனி 24, தொரெல்லி 25.

பழைய மாலுமிகள் என்ன ஆனார்கள்?

ஒரு பகுதியினர் ஒத்துழைக்க மறுத்து ஜப்பானியச் சிறைமுகாம்களுக்குப் போனார்கள். மற்றொரு பகுதியினர் முசோலினியின் புதிய அரசை ஏற்றுக் கப்பலிலேயே தங்கினார்கள். ஆகவே யூஐடி-24-இல் தலைவர் ஹைன்ரிஷ் பால்ஸ் என்ற ஜெர்மானியர், ஆட்கள் இரு நாட்டவரும் கலந்து.

இதை விசுவாசம், துரோகம் என்ற கண்ணோடு மட்டும் பார்ப்பது போதாது. மூழ்கும் உத்தரவு வந்தால் நீர்மூழ்கியில் பல வால்வுகளை வரிசை தவறாமல், நொடிக்கணக்கில் இயக்க வேண்டும். வெளிச்சம் போனாலும் கை தானாகப் போய் நிற்க வேண்டும். வால்வுச் சக்கரங்களுக்கு மேல் எழுதியிருப்பது இத்தாலிய மொழியில். ஜெர்மன் படகில் பழகியவருக்கு குழாய் போகும் பாதையே வேறு. அந்தக் கப்பலில் பழகிய கைகள் இல்லாமல் ஜெர்மானியர்களால் அதை ஓட்டியிருக்க முடியாது.

ஐரோப்பாவுக்கு ஏன் திரும்பவில்லை?

முயன்றது. 1944 பிப்ரவரி 8 அன்று ரப்பரும் உலோகங்களும் ஏற்றிக்கொண்டு பினாங்கிலிருந்து போர்தோவுக்குக் கிளம்பியது. சொந்த எரிபொருளில் அவ்வளவு தூரம் போக முடியாது, நடுவில் எண்ணெய்க் கப்பலிடம் நிரப்பியாக வேண்டும். அந்தக் கப்பல் ‘ஷார்லோட் ஷ்லீமான்’. பிப்ரவரி 12 அன்று பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர் ‘ரிலென்ட்லெஸ்’ அதை முடித்தது. இரண்டாவது வாய்ப்பாக இருந்தது ‘பிராகே’ என்ற எண்ணெய்க் கப்பல். சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 12 அன்று, ‘ரோபக்’ என்ற மற்றொரு பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர் அதையும் முடித்தது.

இது தற்செயல் இல்லை. எங்கே, எந்த நாளில் சந்திப்பது என்பதைச் சங்கேத வானொலியில் சொல்லியாக வேண்டும். அந்தச் சங்கேதத்தை பிரிட்டன் படித்துக்கொண்டிருந்தது. நடுக்கடல் எண்ணெய் நிரப்பலை நம்பியிருந்த எந்தத் திட்டமும் அதோடு முடிந்தது. யூஐடி-24 சரக்கோடு திரும்பி ஏப்ரல் 3 அன்று பினாங்கு வந்து சேர்ந்தது. உயிரோடு வந்ததே பெரிது. பான்யொலீனி, அதாவது யூஐடி-22, மார்ச் 11 அன்று நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே கேட்டலினா விமானங்களிடம் சிக்கியது. ஜூலியானி, அதாவது யூஐடி-23, பிப்ரவரி நடுவில் மலாக்கா நீரிணையில் பிரிட்டிஷ் நீர்மூழ்கி ‘டாலி-ஹோ’வின் டார்பிடோவுக்கு இரையானது.

அதற்குப் பிறகு?

கிழக்கிலேயே தங்கிவிட்டது. பழுதுபார்க்க ஜப்பானின் கோபே நகருக்குப் போனது. இத்தாலியில் செய்த எஞ்சினுக்கு உதிரிப்பாகம் கோபேயில் எப்படிக் கிடைக்கும்? தேய்ந்ததைப் பார்த்து அளந்து புதிதாகக் கடைந்துகொள்வது ஒன்றே வழி.

ஜப்பானியப் பெயரை ஐ-503 என்பதா, இ-503 என்பதா?

‘இ’ என்பதே சரி. ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘ஐ’ என்று படிப்பது பரவிவிட்டது. ஜப்பானியப் பழைய எழுத்து வரிசை ‘இ, ரோ, ஹா’ என்று தொடங்கும். பெரிய நீர்மூழ்கிகளுக்கு இ, நடுத்தரத்துக்கு ரோ, சிறியதற்கு ஹா. தமிழில் அந்த ஒலிக்கு எழுத்து இருக்கும்போது ஆங்கிலம் வழியாகச் சுற்றிவர வேண்டியதில்லை. ‘இ’க்கு அவர்கள் எழுதும் சித்திர எழுத்தும், இத்தாலி நாட்டைச் சுருக்கமாகக் குறிக்கும் எழுத்தும் ஒன்றே. பழைய பிறப்பிடம் புதிய பெயரிலும் ஒட்டிக்கொண்டது.

ஜெர்மனி 1945 மே மாதம் சரணடைந்ததும் கிழக்கில் மிஞ்சிய ஆறு நீர்மூழ்கிகளை ஜப்பான் எடுத்துக்கொண்டது. யூ-181 இ-501 ஆனது, யூ-862 இ-502, யூஐடி-24 இ-503, தொரெல்லி இ-504, யூ-219 இ-505, யூ-195 இ-506. புதிய பெயர்கள் ஜூலையில்தான் முறைப்படி வந்தன. ஆகஸ்ட் நடுவில் ஜப்பானும் ஓய்ந்தது.

ஜெர்மன், ஜப்பானியக் கொடிகளின் கீழ் எத்தனை கப்பல்களை மூழ்கடித்தது?

ஒன்றுகூட இல்லை. “மூன்று நாடுகளுக்காகப் போரிட்ட நீர்மூழ்கி” என்று எழுதுவது பிழை. போரிட்டது இத்தாலிக்காக மட்டும். ஜெர்மனிக்காகச் சுமை தூக்கியது. ஜப்பானின் பட்டியலில் சில வாரங்கள் இருந்தது.

வேறு பிடிபட்ட நீர்மூழ்கிகளுக்கும் இதே கதிதானா?

பெரும்பாலும் ஆம். 1940 மே மாதம் கட்டேகாட் கடலில் பிடிபட்ட பிரிட்டிஷ் ‘சீல்’, ஜெர்மனியில் ‘யூபி’ என்ற பெயரில் பணியில் சேர்ந்து, 1941-இலேயே விலக்கப்பட்டது. 1941 ஆகஸ்டில் ஐஸ்லாந்துக்குத் தெற்கே ஹட்சன் விமானத்திடம் சரணடைந்த யூ-570, பிரிட்டனில் ‘கிராஃப்’ ஆகி ரோந்தும் போனது. உதிரிப்பாகத் தட்டுப்பாட்டால் ஒதுக்கப்பட்டு, 1944 மார்ச்சில் இழுத்துச் செல்லும்போது ஐலே தீவில் கரைதட்டியது. எதிரியின் கப்பலைத் திறந்து பார்ப்பதில் அறிவு கிடைக்கும். அதைத் தொடர்ந்து ஓட்டுவதற்கு அது கட்டப்பட்ட தொழிற்சாலை கூடவே வேண்டும். சிறு விதிவிலக்கு துப்பாக்கித் தோட்டா. கப்பெல்லீனியின் பிரெதா 13.2 மி.மீ. துப்பாக்கியும் ஜப்பானின் 13 மி.மீ. துப்பாக்கியும் பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் தோட்டாவின் வழிவந்தவை.

சிறு மாதிரி செய்கிறேன். எந்தக் காலத்துக்கு எப்படி அமைப்பது?

1940 அக்டோபர் என்றால் பெரிய, உயரமான கோபுரம், இரண்டு பீரங்கிகள், இத்தாலிய அரசக் கொடி. 1943 கோடை என்றால் பீரங்கி கூடாது, கப்பல் நீரில் தாழ்வாக அமர வேண்டும். கடைகளில் கிடைக்கும் மாதிரிகளில் பலர் தவறுவது இங்கேதான்: ஜப்பானியக் கொடி கட்டிவிட்டு மேல்தளத்தில் 100 மி.மீ. பீரங்கியை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

தேதிகள் நூலுக்கு நூல் மாறுவது ஏன்?

இரண்டு காரணங்கள். ஐரோப்பாவில் மாலையில் அறிவித்தது சபாங்கில் மறுநாள். பிடித்த நாள், ஒப்படைத்த நாள், முறைப்படி கொடியேற்றிய நாள் என மூன்றும் வேறு, ஆனால் ஒவ்வொரு நூலும் ஒன்றை மட்டும் சொல்லும். எடை விஷயமும் அப்படியே: வணிகக் கப்பலின் ‘டன்’ கொள்ளளவு, நீர்மூழ்கியின் ‘டன்’ விலக்கும் நீரின் எடை, சரக்கின் ‘டன்’ நிறுக்கும் எடை. மூன்றையும் ஒரே வரியில் கூட்டிவிடாதீர்கள்.

இப்போது எங்கே இருக்கிறது?

ஜப்பானின் கீ நீரிணையில், கடலடியில். போர் முடிந்தபோது கோபேயில் அமெரிக்கப் படையின் கைக்கு வந்தது. 1945 நவம்பர் 30 அன்று ஜப்பானியக் கடற்படைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 1946 ஏப்ரலில் தொரெல்லியையும் இதையும் அமெரிக்கர்கள் இழுத்துப்போய் ஆழத்தில் மூழ்கடித்தார்கள். நான்காவதாக ஒரு கொடியை அதில் யாரும் ஏற்றவில்லை.